அமெரிக்க எம்.பி.க்களும் என் ஐம்பது பங்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தங்கமணிக்குப் பயந்து தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. பணம் போன கதை. பணம் வந்த கதையை எழுத ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. போன கதையை எழுதத்தான் ஆளே இல்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன் :-)

2022 ஜூலை 15, வெள்ளிக்கிழமை காலை. நியூஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயில்ல போயிட்டிருக்கேன். கல்லூரித் தோழன் ஒருத்தன் போன் பண்ணினான்.

"மாப்ள, விஷயம் தெரியுமா? அந்தம்மா என்விடியா வாங்கிருச்சு."

"எந்தம்மா?"

"நான்சி பெலோசிடா. 20,000 ஷேர். சிப் கம்பெனிகளுக்கு அள்ளிக் குடுக்கப் போற மசோதா இந்த மாசம் ஓட்டுக்கு வருது. சபாநாயகரே வாங்குறாங்கன்னா சும்மாவா? நீயும் போடு."

இங்க ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவுல நாடாளுமன்றத்துக்குப் பேர் காங்கிரஸ். (நம்ம ஊர் கதர் சட்டை கோஷ்டியோட போட்டுக் குழப்பிக்காதீங்க.) செனட்ல 100 பேர், பிரதிநிதிகள் சபையில 435 பேர், மொத்தம் 535. 2012 ஏப்ரல்ல ஒபாமா கையெழுத்து போட்ட 'ஸ்டாக் ஆக்ட்'னு ஒரு சட்டம் இருக்கு. இந்த 535 பேரோ, அவங்க கணவன் மனைவியோ, அவங்களை நம்பி இருக்கிற பிள்ளைங்களோ 1,000 டாலருக்கு மேல பங்கு வாங்கினாலோ வித்தாலோ 45 நாளைக்குள்ள வெளியில சொல்லணும். அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா எழுதிக் குடுத்தாப் போதும். இப்போ உடனுக்குடன் கிடைக்கிறதால, அதைப் பார்த்து காப்பி அடிக்கிறதுக்குன்னே ஒரு பெரிய கூட்டம் உருவாகிடுச்சு. என் நண்பன் அந்தக் கூட்டத்துல முன்வரிசை.

நான் அன்னிக்கே வாங்கினேன். 50 பங்கு, ஒண்ணு 157 டாலர் சொச்சம். கிட்டத்தட்ட 7,850 டாலர். எந்தப் பணம்னு கேளுங்க. பொண்ணோட காலேஜுக்குன்னு தங்கமணி மாசாமாசம் தனியா எடுத்து வச்ச பணம். "ஒரு ரெண்டு மாசம், திருப்பி வச்சிடறேன்"னு சொல்லித்தான் எடுத்தேன். சொன்னது யார்கிட்டன்னா, எனக்குள்ளேயே.

அவசரத்துல ஒரு விஷயத்தைப் படிக்கவே இல்லை. பெலோசி குடும்பம் அந்த ஜூன்ல புதுசா எந்த முடிவும் எடுக்கலை. அவர் கணவர் பால் பெலோசி 2021லேயே வாங்கி வச்சிருந்த ஆப்ஷன் அது. ஒரு பங்கை 100 டாலருக்கு வாங்கிக்கலாம்ங்கிற உரிமை. 2022 ஜூன் 17 அன்னிக்கு அது காலாவதி. கையில இருக்கிற கூப்பனை கடைசி நாள்ல குடுத்து சாமான் வாங்கிட்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான். நான் அதே கடையில, கூப்பன் இல்லாம, ஒரு மாசம் கழிச்சு, 157 குடுத்து வாங்கினேன்.

இன்னும் கேளுங்க. ஜூலை 26ஆம் தேதி பால் பெலோசி தன்கிட்ட இருந்த 25,000 பங்கையும் வித்துட்டார். சராசரி விலை 165 டாலர். 3,41,365 டாலர் நஷ்டம்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. மறுநாள் செனட்லயும், அதுக்கு அடுத்த நாள் பிரதிநிதிகள் சபையிலயும் அந்த சிப் மசோதா நிறைவேறிச்சு. ஊரெல்லாம் பேச்சாகிப் போச்சே, அந்தச் சங்கடம் வேண்டாம்னு வித்துட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. கணவரோட வியாபாரத்துல அவருக்கு சம்பந்தமே இல்லைன்னுதான் பெலோசி அலுவலகம் சொல்லிட்டு வந்தது.

"மாப்ள, அந்தம்மா வித்துட்டாங்க, நீயும் வித்துடு"னு நண்பன் போன் பண்ணினான். விக்க முடியாது. ஏன்னா நான் பொட்டி தட்டுறது ஒரு பேங்க்ல. அங்க எங்களுக்கு ஒரு சட்டம்: பங்கு வாங்கறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும், வாங்கினா 30 நாள் விக்கக் கூடாது. சரின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். 30 நாள் முடிஞ்சு ஆகஸ்ட் 15 அன்னிக்குப் பார்த்தா விலை 190! பெலோசியையே தோக்கடிச்சுட்டேன். அன்னிக்கு நான் ஆபீஸ்ல நடந்த நடையைப் பார்த்திருக்கணும் நீங்க. அனுமதி வாங்கி வித்திருக்கலாம்தானே? விக்கலை. 200 வரட்டும்னு இருந்தேன்.

வரலை. செப்டம்பர் ஆரம்பத்துல 140 பக்கம். அக்டோபர் நடுவுல ஒரு நாள் 112. காலேஜ் கணக்குல பணம் குறையுதேன்னு தங்கமணி கேட்ட ராத்திரியில எல்லாத்தையும் சொல்லிட்டேன். அடுத்த ரெண்டு நாள்ல 117 சொச்சத்துக்கு வித்தேன். சுமாரா 2,000 டாலர் போச்சு.

கதை அங்க முடிஞ்சிருந்தா மனசு ஆறிருக்கும். 2023ல ஏஐ அலை அடிச்சுது. 2024 ஜூன்ல என்விடியா ஒரு பங்கை பத்தாப் பிரிச்சாங்க. பிரிச்ச பிறகு ஒண்ணு 120 டாலர் பக்கம். என் 50 பங்கு 500 ஆகியிருக்கும். பெருக்கிப் பார்க்காதீங்க ப்ளீஸ். நான் பார்த்துட்டேன், ஒரு வாரம் தூக்கம் இல்லை.

அந்த அக்டோபர் ராத்திரி தங்கமணி கத்தலை, அழலை. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏங்க, இந்த எம்.பி.ங்க எல்லாம் நிஜமாவே மார்க்கெட்டை ஜெயிக்கிறாங்களா? அதையாவது பார்த்துட்டுப் போட்டீங்களா?"

பார்க்கலை. சத்தியமா பார்க்கலை. 'அரசியல்வாதி, எல்லாம் தெரிஞ்சு வச்சிருப்பான்'னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

இந்தக் கதையோட மூலம் 2004ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. ஆலன் சியோப்ரோவ்ஸ்கியும் இன்னும் மூணு பேரும் எழுதினது. 1993லிருந்து 1998 வரைக்கும் செனட்டர்கள் வாங்கின பங்குகளை எடுத்துப் பார்த்தாங்க. சந்தையைவிட மாசத்துக்கு 0.85% அதிகமா ஏறியிருந்துச்சு. வருஷத்துக்குப் பார்த்தா 10%க்கும் மேல. வாழ்நாள் பூரா இதையே தொழிலா வச்சிருக்கிறவங்களுக்கே கனவு மாதிரியான நம்பர் இது. அதே குழு 2011ல பிரதிநிதிகள் சபையையும் பார்த்தது, 1985லிருந்து 2001 வரைக்கும். அங்க மாசத்துக்கு 0.55%. அந்த வருஷ நவம்பர்ல '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சி இந்தப் பிரச்சினையைப் போட்டு உடைக்க, அடுத்த அஞ்சே மாசத்துல ஸ்டாக் ஆக்ட் வந்துடுச்சு. செனட்ல 96க்கு 3, கீழ்சபையில 417க்கு 2. எதுலயும் ஒத்துப் போகாத ரெண்டு கட்சியும் இதுல ஒண்ணு சேர்ந்ததுன்னா, மக்கள் எவ்வளவு கடுப்புல இருந்திருப்பாங்கன்னு பாருங்க.

நண்பன் மாதிரி ஆளுங்க இந்தக் கட்டுரையோட நிறுத்திடறாங்க. கதை அதுக்கப்புறம்தான் திரும்புது.

2013ல ஆண்ட்ரூ எக்கர்ஸ், யென்ஸ் ஹைன்முல்லர்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை போட்டாங்க. 2004லிருந்து 2008 வரைக்கும் காங்கிரஸ் ஆளுங்க கையில வச்சிருந்த பங்குகள் எல்லாத்தையும் பார்த்தாங்க. சும்மா ஒரு இன்டெக்ஸ் ஃபண்ட்ல போட்டிருந்தா வருஷத்துக்கு 2லிருந்து 3% அதிகமா கிடைச்சிருக்கும்! அதாவது நம்மளை மாதிரியே அவங்களும் தப்புத் தப்பா வாங்கித் தோத்திருக்காங்க. சொந்தத் தொகுதியில இருக்கிற கம்பெனிகள்ல மட்டும் கொஞ்சம் நல்லா செஞ்சிருந்தாங்க.

அப்புறம் 2020ல டார்ட்மத் கல்லூரியிலிருந்து ஒரு கட்டுரை. ஸ்டாக் ஆக்ட் வந்த 2012லிருந்து 2020 மார்ச் வரைக்கும் செனட்டர்கள் வாங்கின பங்குகளை, அதே துறையில அதே அளவுள்ள மத்த கம்பெனிகளோட ஒப்பிட்டாங்க. லேசாப் பின்தங்கித்தான் இருந்தது. தலைப்புலயே, பங்கு பொறுக்கறதுல செனட்டர்களும் நம்மளை மாதிரி உருப்படாதவங்கதான்னு சொல்லிட்டாங்க.

எனக்கு அப்போ ஒரு அல்ப சந்தோஷம். 'அப்பாடா, அவங்களும் நம்ம கேஸ்தான்.'

ஆனா 2025ல வந்த ஒண்ணு அந்த சந்தோஷத்தைக் கெடுத்துடுச்சு. வெய் ஷாங்-ஜின், சோ யீஃபான்னு ரெண்டு பேர் எழுதினது. எல்லாரையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிப் பார்க்காம, சபாநாயகர், கட்சித் தலைவர் மாதிரி பெரிய பதவிக்குப் போனவங்களைத் தனியாப் பார்த்தாங்க. பதவிக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்களும் சக உறுப்பினர்களும் ஒரே லட்சணம்தான். வந்த பிறகு, சகாக்களைவிட வருஷத்துக்கு 47 சதவீதப் புள்ளி அதிகம். நாற்பத்தி ஏழு! பெரிய பதவிக்கு வந்தவங்க கொஞ்சப் பேர்தான்ங்கிறதால இந்த நம்பரை கல்வெட்டுல செதுக்க வேண்டாம். ஆனா விஷயம் புரியுது. 535 பேரை சேர்த்து சராசரி எடுத்தா, சாம்பார்ல ஒரு உப்புக்கல் மாதிரி கரைஞ்சு போகுது. எந்த மசோதா எந்த நாள் ஓட்டுக்கு வரணும்னு முடிவு பண்ற நாலஞ்சு பேர் கதை வேற, பின்வரிசையில உட்கார்ந்து கொட்டாவி விடறவர் கதை வேற.

அப்போ வருஷாவருஷம் 'இவர் 100% லாபம், அவர் 200% லாபம்'னு பட்டியல் வருதே, அதெல்லாம்?

ஒரு சின்னக் கணக்கு. 535 பேரும் பங்கு வாங்கறாங்க, எல்லாரும் காசு சுண்டிப் பார்த்துத்தான் வாங்கறாங்கன்னு வச்சிக்குங்க. ஒரு வருஷத்துல பாதிப் பேர் சந்தையை ஜெயிப்பாங்க. தொடர்ந்து அஞ்சு வருஷம் ஜெயிக்கிறவங்க எத்தனை பேர்? 535ஐ 32ஆல வகுங்க. கிட்டத்தட்ட 17 பேர். ஒரு ரகசியமும் தெரியாம, வெறும் அதிர்ஷ்டத்துல 17 மேதைகள்! பட்டியல்ல வர்றது இவங்கதான். மீதி 500 சொச்சம் பேரைப் பத்தி யார் வீடியோ போடப் போறா?

ரெண்டாவது, எந்தப் பங்கை வச்சிருக்காங்கங்கிறது. 2023ல காங்கிரஸ் வியாபாரங்களைத் தொடர்ந்து கவனிக்கிற ஒரு தளம் கணக்குப் போட்டது. ஜனநாயகக் கட்சிக்காரங்க சுமார் 31%, குடியரசுக் கட்சிக்காரங்க சுமார் 18%, சந்தை சுமார் 25%. ஒரு கட்சிக்கு மட்டும் ரகசியம் தெரிஞ்சு இன்னொரு கட்சிக்குத் தெரியாமப் போச்சா? அவங்க கையில டெக்னாலஜி பங்கு அதிகம், இவங்க கையில எண்ணெய், பேங்க் மாதிரி அதிகம். அந்த வருஷம் ஏறினது டெக்னாலஜி. முடிஞ்சுது. சான்பிரான்சிஸ்கோக்காரங்க வீட்டுல ஆப்பிளும் என்விடியாவும் இருக்கிறது, சிவகாசிக்காரர் வீட்டுல பட்டாசு இருக்கிற மாதிரி.

மூணாவது, அந்த 45 நாள். பால் பெலோசி 2023 நவம்பர் 22 அன்னிக்கு மறுபடி என்விடியா ஆப்ஷன் 50 வாங்கினார். அதுல நல்ல லாபம். ஊருக்குத் தெரிஞ்சது ஒரு மாசம் கழிச்சு. தொகையும் சரியா இருக்காது. '10 லட்சம் டாலரிலிருந்து 50 லட்சம் வரை'ங்கிற மாதிரி ஒரு வரம்புதான் எழுதணும். பத்தும் அம்பதும் ஒண்ணா? ஏன் வாங்கினாங்கன்னும் தெரியாது. என் கூப்பன் கதைதான்.

ஆக, தங்கமணி கேள்விக்கு என் பதில்: சராசரியா பார்த்தா ஜெயிக்கலை. ரொம்ப உயரத்துல இருக்கிற சிலர் ஜெயிக்கிற மாதிரி தெரியுது. அவங்களைப் பார்த்துக் காப்பி அடிக்கிறவன் ஜெயிக்கிறதுக்கு வழியே இல்லை.

இதைச் சொல்லிட்டு, 'பார்த்தியா, அவ்வளவு ஒண்ணும் மோசமில்லை போல'ன்னேன். அதுக்குத் தங்கமணி முகம் மாறிப் போச்சு.

"அப்போ 2018ல நான் பண்ணது?"

இதையும் சொல்லியாகணும். தங்கமணி கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பார்த்த கம்பெனியோட பங்கு கொஞ்சம் அவங்க பேர்ல இருந்தது. 2018ல கார் வாங்க முன்பணத்துக்காக அதுல பத்தை வித்தாங்க. பத்தே பத்து. மனைவி கணக்குக்கும் முன்அனுமதி வாங்கணும்ங்கிறது எனக்கு மறந்தே போச்சு. மூணாம் நாள் பேங்க்ல கூப்பிட்டாங்க. ஒரு ரூம், ரெண்டு பேர், எதிர்ல நான். ஏன் வித்தீங்க, எதுக்கு வித்தீங்க, அந்தக் கம்பெனி பத்தின தகவல் ஏதாவது உங்க சிஸ்டத்துல பார்த்தீங்களா. நான் எழுதற புரோகிராம் ஏடிஎம் சம்பந்தப்பட்டது, எனக்கு என்ன தகவல் தெரியும்! கடைசியா எழுத்து மூலமா ஒரு எச்சரிக்கை, இன்னொரு தடவை நடந்தா வேலை கிடையாது. அப்போ நான் எச்1பி விசாவுல இருந்தேன். வேலை போனா 60 நாள்ல அடுத்ததைத் தேடணும், இல்லேன்னா பெட்டியைக் கட்டணும். பொண்ணு அப்போ ரெண்டாங்கிளாஸ். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிடலை.

அதே தப்பை ஒரு காங்கிரஸ் உறுப்பினர் பண்ணினா? 45 நாளைக்குள்ள சொல்ல மறந்தா வழக்கமான அபராதம் 200 டாலர். அதையும் தள்ளுபடி பண்ணலாம். முன்அனுமதி கிடையாது. 30 நாள் கிடையாது. ராணுவக் கமிட்டியில உட்கார்ந்துக்கிட்டே ராணுவத் தளவாடக் கம்பெனி பங்கை வாங்கலாம்.

ஸ்டாக் ஆக்ட்படி உள்தகவலை வச்சு வியாபாரம் பண்ணக் கூடாதுதான். நிரூபிக்கிறது யாரு? 2020 பிப்ரவரி 13 அன்னிக்கு செனட் உளவுத்துறைக் கமிட்டித் தலைவர் ரிச்சர்ட் பர் ஒரே நாள்ல 33 வியாபாரம் பண்ணி 6,28,000 டாலரிலிருந்து 17 லட்சம் டாலர் வரைக்கும் பங்கு வித்தார். அடுத்த வாரம் கொரோனா பயத்துல சந்தை சரிய ஆரம்பிச்சு மார்ச் 23க்குள்ள மூணுல ஒரு பங்கு காலி. செய்திகளைப் பார்த்துத்தான் வித்தேன்னார். நீதித்துறை 2021 ஜனவரியில வழக்கு எதுவும் இல்லாம விசாரணையை முடிச்சுது. அவர் சொன்னது உண்மையாவே இருக்கலாம். நான் அதுல நுழையலை. ஆனா அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்களே, அதுதானே பிரச்சினை?

மாட்டினவர் ஒருத்தர் இருக்கார். நியூயார்க் உறுப்பினர் கிறிஸ் காலின்ஸ். 2017 ஜூன்ல வெள்ளை மாளிகைப் புல்வெளியில விருந்து நடக்கும்போது, தான் இயக்குநரா இருந்த மருந்துக் கம்பெனியோட மருந்து தோத்துப் போச்சுன்னு தெரிஞ்சு, அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டார். 2019ல குற்றத்தை ஒத்துக்கிட்டார், 26 மாசம் தண்டனை. 2020 டிசம்பர்ல டிரம்ப் மன்னிச்சு விட்டுட்டார். இதுல வேடிக்கை என்னன்னா, அவர் மாட்டினது எம்.பி.யா தெரிஞ்சுக்கிட்ட ரகசியத்துக்கு இல்லை. கம்பெனி இயக்குநரா தெரிஞ்சுக்கிட்டதுக்கு.

தங்கமணி அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னாங்க. "அம்பயர் மேட்ச்ல பெட் கட்டக் கூடாதுன்னு சொல்றது, அவர் பெட்ல ஜெயிச்சுடுவார்னு பயந்தா? தோத்தாலும் கட்டக் கூடாதுங்க. கட்டிட்டார்னு தெரிஞ்சா, அப்புறம் அவர் சரியாக் குடுத்த அவுட்டையும் யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

இத்தனை கட்டுரை படிச்சும் எனக்குத் தோணாத விஷயம். ஜெயிக்கிறாங்களா தோக்கறாங்களான்னு இருபது வருஷமா பேராசிரியர்கள் கணக்குப் போடறாங்க. சுவாரசியமான கணக்குதான். ஆனா ஏடிஎம் புரோகிராம் எழுதறவனோட மனைவி பத்துப் பங்கு விக்க அனுமதி கேட்கணும்னா, சட்டத்தை எழுதறவங்க கேட்க வேண்டாமாங்கிற கேள்விக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. உறுப்பினர்கள் பங்கு வியாபாரத்துக்கே தடை போடற மசோதாக்கள் அங்க திரும்பத் திரும்ப வருது. 2025 ஜூலையில ஒண்ணு செனட் கமிட்டியில 8க்கு 7ன்னு தப்பிச்சுது. 2012ல 96க்கு 3ன்னு ஓட்டுப் போட்ட சபை. வெளியில சொல்றேன்னு சொல்றது சுலபம், விட்டுடறேன்னு சொல்றதுதான் கஷ்டம் போல.

பொண்ணு காலேஜ் கணக்கு இப்போ தங்கமணி கையில. எல்லாம் இன்டெக்ஸ் ஃபண்ட். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அந்த 2,000 டாலரை என் டீ, காபி, சினிமா செலவுல பிடிச்சுப் பிடிச்சு பதினாலு மாசத்துல திருப்பி வச்சேன். கடைசித் தவணை போட்ட அன்னிக்கு, தானாவே ஒரு டிகாஷன் காபி வந்துச்சு மேசைக்கு.

நண்பன் போன மாசம் மறுபடி கூப்பிட்டான். "மாப்ள, இன்னொருத்தர் இருக்கார், செனட்டர், சும்மா பிச்சு உதறுறார்..."

"எத்தனை நாள் முன்னாடி வாங்கினார்?"

"நாப்பது நாள் இருக்கும்."

"சரிடா. ரயில் வந்துடுச்சு, வச்சிடறேன்."

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை இல்லை. என்கிட்ட ஆலோசனை கேக்கற நிலைமையில நீங்க இருந்தீங்கன்னா, தங்கமணிகிட்ட கேளுங்க. அவங்க சரியாச் சொல்லுவாங்க.